மலையகத்தில் பறவைகளிலும் நுளம்புகளிலும் வைரஸைக் கண்காணிப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

ஒக்டோபர் பிறந்தால் நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்கு ஆறுமணிக்குருவி வந்துவிடும். இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வரும் அது, ஓடைக்கரைச் சருகைக் கிளறிப் புழு தின்று, ஏப்ரலுக்குள் திரும்பிப் போய்விடும். காஷ்மீர் ஈப்பிடிப்பானும் அப்படித்தான். அதே ஓடையில் தண்ணீர் தேங்கும் மூலைகளில் கியூலெக்ஸ் நுளம்பு முட்டை இடுகிறது. தூர தேசத்துப் பறவையின் இரத்தமும் நம்மூர் நுளம்பின் வாயும் சந்திக்கும் இடம் அது.

இந்தச் சந்திப்பில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் கண்காணிப்பு. பொறி கட்டுவது, வலை விரிப்பது, இரத்தம் எடுப்பது எல்லாம் ஒரே ஒரு கேள்விக்காக: வைரஸ் இங்கே வந்து போகிறதா, இல்லை இங்கேயே சுற்றுகிறதா? வேலையைத் தொடங்கும் மாணவர்களுக்கும் சுகாதாரப் பரிசோதகர்களுக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். கேள்வி மனதில் இருந்தால், எந்தக் குறிப்பை எழுத வேண்டும், எந்த நுளம்பைத் தனியாக வைக்க வேண்டும் என்பது தானாகப் பிடிபடும்.

எந்த வைரஸ்களைத் தேடுகிறோம்

மூன்று பெயர்கள் போதும். முதலாவது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ். கொக்கு, மடையான், வக்கா போன்ற நீர்ப்பறவைகளிலும் பன்றிகளிலும் பெருகி, வயல் நீரில் வளரும் கியூலெக்ஸ் டிரைடேனியோரிங்கஸ் போன்ற நுளம்புகள் வழியாக மனிதருக்கு வருவது. 1985, 86இல் அநுராதபுரம் பக்கம் பெரிய அளவில் பரவியது. 1988இல் நாட்டில் தடுப்பூசி தொடங்கியது. இரண்டாவது வெஸ்ட் நைல் வைரஸ். 1937இல் உகண்டாவில் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. 1999இல் நியூயோர்க்கை அடைந்தபோது காகங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து விழுந்தன. மூன்றாவது உசுட்டு. 2001இல் வியன்னா நகரைச் சுற்றி கரும் பூங்குருவிகளைக் கொன்றது இதுதான். அந்தப் பறவையின் நெருங்கிய உறவு நம் மலைகளிலும் பாடிக்கொண்டிருக்கிறது என்பதால் இந்தப் பெயரையும் நான் பட்டியலில் வைத்திருக்கிறேன்.

மூன்றும் ஒரே குடும்பம். மூன்றுக்கும் பறவைதான் வீடு, நுளம்புதான் வண்டி. மனிதர் வழிதவறிய பயணி மாதிரி. நம் இரத்தத்திலிருந்து அடுத்த நுளம்புக்குப் போகும் அளவுக்கு இவை நமக்குள் பெருகுவதில்லை. டெங்கு இந்தக் கணக்கில் சேராது. அது மனிதனிலிருந்து மனிதனுக்கு ஈடிஸ் நுளம்பு கொண்டுபோவது, பறவைக்கு அதில் வேலையில்லை. இந்த வித்தியாசத்தை ஊரில் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லாரும் டயரையும் சிரட்டையையும்தான் காட்டுவார்கள்.

இடத்தை உயரத்தால் தெரிவு செய்யுங்கள்

மலையகத்தில் இந்த வேலையின் சுவாரசியமே உயரம்தான். நுளம்பு குடித்த இரத்தத்திலுள்ள வைரஸ் அதன் குடலிலிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர வேண்டும். வெப்பமான ஊரில் அதற்கு ஒன்றிரண்டு வாரம் போதும். குளிரில் பல வாரம் இழுக்கும், அதற்குள் பெரும்பாலான நுளம்புகள் செத்துவிடும். வெஸ்ட் நைல் வைரஸின் வளர்ச்சி 14, 15 பாகை செல்சியஸில் ஏறக்குறைய நின்றே போகிறது. நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையோ 16 பாகை அளவில். நாம் வரம்பின் மேலேயே நிற்கிறோம். ஒன்றிரண்டு பாகை கூடினாலும் கதை மாறும்.

அதனால் ஒரே இடத்தில் பத்துப் பொறி கட்டாதீர்கள். ஒரு படிக்கட்டு மாதிரி இடங்களைப் பிடியுங்கள். கீழே கொத்மலைப் பக்கத்து வயலும் நீர்த்தேக்க ஓரமும் (சுமார் 700 மீற்றர்), நடுவில் ஹட்டன், நோர்வூட் பக்கம் காசல்ரீ நீர்த்தேக்கக் கரை (சுமார் 1,100 மீற்றர்), மேலே நுவரெலியாவில் கிரகரி வாவியும் மரக்கறித் தோட்டக் கான்களும் (1,868 மீற்றர்). நுழைவு அனுமதி கிடைத்தால் ஹோர்ட்டன் சமவெளியின் சதுப்பு ஓரம் (2,100க்கு மேல்) ஓர் ஒப்பீட்டு இடமாக இருக்கட்டும். அங்கே நுளம்பே விழாத இரவும் ஒரு தகவல்தான். பூச்சியம் என்று எழுதிவையுங்கள்.

ஒவ்வொரு இடத்திலும் பார்க்க வேண்டியவை: தண்ணீர் தேங்கி நிற்கிறதா, கரையில் புல் அடர்ந்திருக்கிறதா, கொக்கு அடையும் மரம் பக்கத்தில் உண்டா, மாட்டுக் கொட்டகையோ பன்றிக் கூடோ உண்டா, லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) எவ்வளவு தூரம். நீர்த்தேக்கத்தில் மட்டம் இறங்கும் மாதங்களைக் கவனியுங்கள். தண்ணீர் பின்வாங்கிய சேற்றில் மாட்டுக் குளம்படி பட்ட குழிகள் ஒவ்வொன்றும் ஒரு சின்னக் குளம். ஆகாயத்தாமரை மிதந்தால் அதைத் தனியாகக் குறியுங்கள். மன்சோனியா நுளம்பின் குடம்பி (புழுப் பருவம்) அந்தச் செடியின் வேரைத் துளைத்து மூச்சு விடுவதால், அகப்பையால் தண்ணீரை மொண்டு பார்த்தால் அகப்படாது. செடியையே தூக்கி வெள்ளைத் தட்டில் உதற வேண்டும்.

அனுமதி

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் தவறவிடாதீர்கள். காட்டுப் பறவையைப் பிடிக்கவும் இரத்தம் எடுக்கவும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் எழுத்து அனுமதி வேண்டும். அது இல்லாமல் வலை விரிப்பது குற்றம். நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். தோட்டத்துக்குள் என்றால் முகாமையாளரிடம் கடிதம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அப்புறம், லயத்து மக்களிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். இரவில் மரத்தில் சின்ன விளக்கு எரிந்தால் யாருக்கும் பயம் வரும்தானே.

நாட்காட்டி

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு இடத்திலும் தொடர்ந்து இரண்டு இரவு பொறி கட்டுவது நடைமுறைக்கு ஒத்துவரும். பறவை வேலையை மூன்று பருவமாகப் பிரியுங்கள்: வலசைப் பறவை வந்திறங்கும் ஒக்டோபர், நவம்பர், அவை இருக்கும் ஜனவரி, பெப்ரவரி, அவை போன பிறகு மே தொடக்கம். கடைசிப் பருவத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், தென்மேற்குப் பருவமழைக்குப் பயந்து. ஆனால் விருந்தாளி போன பிறகும் வீட்டில் வைரஸ் இருக்கிறதா என்று தெரிவது அப்போதுதான்.

நுளம்பைப் பிடித்தல்

அடிப்படைக் கருவி ஒளிப்பொறி: ஒரு சின்ன பல்ப், ஒரு விசிறி, கீழே வலைக் கிண்ணம், ஆறு வோல்ட் பற்றரி. நிலத்திலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில், காற்று குறைந்த இடத்தில், தண்ணீர் ஓரத்துப் புதருக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். பறவையைக் கடிக்கும் நுளம்புகள் மரத்தின் மேல்பகுதியிலும் திரிவதால், ஒரு பொறியையாவது கயிறு போட்டு ஐந்து மீற்றருக்கு மேல் ஏற்றிவிடுங்கள். பொழுது சாயுமுன் போட்டு விடிந்ததும் எடுக்க வேண்டும். கயிற்றில் கொஞ்சம் வசலின் தடவுங்கள், இல்லாவிட்டால் எறும்பு இறங்கி வந்து பிடித்ததைத் தின்றுவிடும். நுளம்பு விரட்டி பூசிய கையால் கிண்ணத்தைத் தொடாதீர்கள்.

விளக்கு மட்டும் போதாது. நுளம்பை இழுப்பது நம் மூச்சில் வரும் காபனீரொட்சைட்டு. உலர் பனிக்கட்டியைத் தோட்டப்பகுதிக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. அதற்குப் பதிலாகச் சீனியும் ஈஸ்டும் கைகொடுக்கும். இரண்டரை லீற்றர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் கிலோ சீனி, 17, 18 கிராம் பாண் ஈஸ்ட். மூடியில் துளையிட்டுக் குழாயைப் பொறியின் வாய்க்குக் கொண்டுபோங்கள். நான் முதன்முதலில் இதைக் கட்டிய இரவு, விடியக்காலை பார்த்தால் போத்தல் சில்லென்று இருந்தது, ஒரு குமிழிகூட இல்லை. நொதித்துப் பொங்க வேண்டிய ஈஸ்ட் குளிரில் உறங்கிவிட்டது. கிண்ணத்தில் இரண்டே இரண்டு விட்டில். பக்கத்து லயத்து அம்மா ஒருவர் பார்த்துவிட்டு, "தம்பி, அதுக்கு ஒரு கம்பிளியாவது போத்தி விடுங்க" என்றார். அன்றிலிருந்து போத்தலை ரெஜிபோம் பெட்டியில் வைத்து, சுற்றிலும் உமி நிரப்பி, மேலே பழைய கம்பளி போட்டு, மழைக்குப் படங்குத் துண்டு ஒன்றையும் கட்டுகிறேன். விடியும் வரை குமிழி வரும்.

இரண்டாவது கருவி, என் கருத்தில் வைரஸ் தேடலுக்கு முதலாவது: முட்டையிட வரும் நுளம்பைப் பிடிக்கும் பொறி. ஒரு தட்டில் புல் ஊறிய நாற்றத் தண்ணீர், அதற்கு மேலே விசிறிக் குழாய். ஒளிப்பொறியில் விழும் நுளம்பில் பாதிக்கு மேல் இன்னும் யாரையும் கடிக்காததாக இருக்கலாம். முட்டையிட வருவதோ ஏற்கெனவே ஓர் உயிரின் இரத்தத்தைக் குடித்துச் செரித்தது. வைரஸ் இருக்கும் வாய்ப்பு அதில்தான் கூடுதல். புல்லை வாளியில் ஊறவைத்து மூடிவைத்தால் சமவெளியில் ஒரு வாரத்தில் தயாராகும். இங்கே பத்து நாளுக்கு மேலும் ஆகலாம், நாற்றம் ஏறியதும் எடுங்கள். ஒரு எச்சரிக்கை: தோட்டத்தில் சுலபமாகக் கிடைக்கிறது என்று மானாப்புல்லைப் போடாதீர்கள். அது எலுமிச்சைப்புல் இனத்தைச் சேர்ந்தது, அதன் எண்ணெய் வாசம் நுளம்பை விரட்டும். குவாத்தமாலாப் புல்லோ கான் ஓரத்துச் சாதாரணப் புல்லோ போதும்.

மூன்றாவதாக, மாட்டுக் கொட்டகைச் சுவரில் அமர்ந்திருக்கும் நுளம்பை அதிகாலையில் உறிஞ்சு குழாயால் பிடியுங்கள். வயிறு சிவந்து உப்பியவை கிடைக்கும். இவற்றைத் தனிக் குப்பியில் வையுங்கள். அந்த இரத்தத்தின் மரபணுவைப் பார்த்தால் அது மாடா, கோழியா, கொக்கா என்று தெரியும். பறவையையும் மனிதனையும் கடிக்கும் இனம் எது என்பதை அறிய இதைவிட நேரான வழியில்லை.

விடியற்காலை இரண்டு மணி நேரம்

கண்காணிப்பு வெல்வதும் தோற்பதும் இந்த இரண்டு மணி நேரத்தில்தான். வைரஸின் மரபுப்பொருள் சூட்டில் சிதையும். கிண்ணத்தைக் கழற்றியவுடன் ஐஸ் பெட்டிக்குள் வைத்து நுளம்புகளை மயக்குங்கள். மருந்து அடித்துக் கொல்ல வேண்டாம். ஐஸ் மேல் வைத்த வெள்ளைத் தட்டில் கொட்டி, கையடக்க நுணுக்குக்காட்டியின் கீழ் பிரியுங்கள். ஆண் நுளம்பை ஒதுக்குங்கள், உணர்கொம்பு பஞ்சு போலப் பரந்திருக்கும், கடிக்காது. பெண்ணை இனவாரியாகப் பிரித்து, இரத்தம் குடித்ததை வேறாக்குங்கள்.

பிறகு தொகுதியாக்கம். ஒரே இனம், ஒரே இடம், ஒரே இரவு: இந்த மூன்றும் பொருந்துபவை மட்டும் ஒரு குப்பியில், அதிகபட்சம் 50. எண்ணிக்கை குறைகிறதே என்று கொத்மலை நுளம்பையும் ஹட்டன் நுளம்பையும் ஒன்றாகப் போட்டால், வைரஸ் கிடைத்தாலும் எந்த உயரத்தில் என்று சொல்ல முடியாது. ஏழு நுளம்பு என்றால் ஏழோடு மூடுங்கள்.

குப்பிக்குள் பென்சிலால் எழுதிய காகிதத் துண்டு, வெளியே ஒட்டுத்தாள், புத்தகத்தில் வரி: மூன்று இடத்தில் எழுதுங்கள். நான் ஒரு வருடம் சாதாரண பேனாவால் மட்டும் எழுதினேன். பனியில் மை கரைந்து, ஒரு வாரத்துக் குப்பிகள் அத்தனையும் பெயரில்லாத பிள்ளைகளாகிவிட்டன. ஆய்வுகூடத்தில் அவற்றைத் திருப்பிக் கொடுத்தபோது தூக்கிக்கொண்டு மலையேறி வந்த மனவருத்தம் இன்னும் இருக்கிறது.

குப்பிகள் பூச்சியத்துக்குக் கீழே எண்பது பாகை செல்சியஸில் (-80) இருப்பது சிறப்பு. திரவ நைதரசன் கலன் கிடைத்தால் அதுதான் வசதி. எதுவும் இல்லையா? தேன் பூசிய நியூக்கிளிக் அமில அட்டையைப் பொறிக்குள் வையுங்கள். நுளம்பு தேனை உறிஞ்சும்போது உமிழ்நீரோடு வைரஸையும் துப்பும். அட்டை அதன் மரபுப்பொருளைக் குளிரில்லாமலே காத்துவைக்கும். தூரத் தோட்டங்களுக்கு இது பெரிய வரம்.

லயத்துக் கோழிகள்

காட்டுப் பறவைக்குப் போகுமுன் வீட்டுக் கோழியைப் பாருங்கள். கோழியை வெஸ்ட் நைல் நுளம்பு கடித்தால் அதற்குப் பெரிதாக நோய் வராது, அடுத்த நுளம்புக்குக் கொடுக்குமளவு வைரஸும் பெருகாது, ஆனால் இரத்தத்தில் பிறபொருளெதிரி உருவாகும் (வைரஸை எதிர்க்க உடல் செய்யும் புரதம், இனிச் சுருக்கமாக ‘எதிரி’). காவல்காரன் வேலைக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? பல நாடுகளில் இதற்கென்றே கோழி வளர்க்கிறார்கள். நம் லயங்களில் நாட்டுக்கோழி ஏற்கெனவே இருக்கிறது.

ஓர் இடத்துக்கு எட்டு, பத்து இளங்கோழி. காலில் எண் வளையம். தொடக்கத்தில் ஒருமுறை இரத்தம் எடுத்து எதிரி இல்லாமல் வெறுமையாக இருப்பதை உறுதிசெய்யுங்கள், பின்பு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சிறகு நரம்பில் அரை மில்லிலீற்றர். எடுப்பவர் மிருக வைத்தியரோ பயிற்சி பெற்றவரோ ஆக இருக்க வேண்டும். வெறுமையாக இருந்த கோழி திடீரென எதிரி காட்டினால், கடந்த சில வாரத்துக்குள், அந்த லயத்துக்குப் பக்கத்திலேயே கடி பட்டது என்று அர்த்தம். கோழி எங்கும் பறந்துபோய் வரவில்லை. ‘இங்கேயே சுற்றுகிறதா’ என்ற கேள்விக்கு இத்தனை நேரான பதிலைக் காட்டுப் பறவையால் தர முடியாது. மிகச் சின்னக் குஞ்சைத் தெரிவு செய்யாதீர்கள். தாயிடமிருந்து முட்டை வழியாக வந்த எதிரி சில வாரம் இருக்கும்.

காட்டுப் பறவை

வலை விரிப்பதைப் புத்தகத்தில் படித்துப் பழக முடியாது. பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிடும் அனுபவசாலியிடம் ஒரு பருவமாவது நின்று கற்றுக்கொள்ளுங்கள். விடியலில் விரித்து, இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, தூறல் விழுந்தால் உடனே சுருட்டிவிட வேண்டும். மலைக்குளிரில் நனைந்த சின்னப் பறவை சில நிமிடத்தில் செத்துவிடும். இந்த விதியில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை. மாதிரி குறைந்தாலும் சரி.

இரத்த அளவு உடல் எடையின் நூறில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பத்து கிராம் வெள்ளைக்கண்ணிக்கு அது 0.1 மில்லிலீற்றர், அதாவது இரண்டு துளி. உள்ளங்கையில் அந்தப் பறவை இருப்பதே தெரியாது, இதயம் மட்டும் விரலில் படபடக்கும். எடுத்த இடத்தில் பஞ்சை வைத்து ஒரு நிமிடம் அழுத்தி, இரத்தம் நின்றதைப் பார்த்த பின்பே விடுங்கள். தொண்டையிலும் எச்சத் துளையிலும் ஈரப்பஞ்சால் தடவி எடுப்பதும் உதவும்.

வயதை எழுத மறக்காதீர்கள். பறவை இரத்தத்தில் வைரஸ் சில நாள்தான் இருக்கும், எதிரியோ மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நிற்கும். வளர்ந்த ஆறுமணிக்குருவியில் எதிரி இருந்தால் அது இந்தியாவில் கடிபட்டதாகவும் இருக்கலாம். ஆனால் இந்த வருடம் இங்கேயே பொரித்து, தாய் கொடுத்த எதிரி தீர்ந்த வயதுக்கு வந்த வெள்ளைக்கண்ணியிலோ மஞ்சள் காதுச் சின்னானிலோ இருந்தால், அது இந்த மலையில் பட்ட கடி. ஒரே முடிவு, இரண்டு அர்த்தம். பிரித்துக் காட்டுவது உங்கள் பென்சில் குறிப்புதான்.

செத்த பறவை கண்டால்

காகமோ வேறு எதுவோ, ஓரிடத்தில் சில நாளுக்குள் பல செத்துக் கிடந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம், விஷமாகவும் இருக்கலாம். பிரதேச அரச மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள். அவர்கள் எடுக்கச் சொன்னால் கையுறை, முகக்கவசம், இரட்டைப் பை, ஐஸ். ஒரு நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். அழுகியது பயன்படாது. சிறுவர்களுக்கு இதைப் பாடசாலையில் சொல்லிவையுங்கள். முதலில் காண்பது அவர்கள்தான்.

ஆய்வுகூடத்திடம் என்ன கேட்க வேண்டும்

கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம், கன்னொறுவை மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனம், பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடம் ஆகியவை அறிவுரை கேட்கத் தகுந்த இடங்கள். மாதிரி சேர்க்குமுன் போய்ப் பேசி, என்ன பரிசோதிப்பார்கள், எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

இரண்டு பொறிகளில் விழாமல் இருங்கள். முதலாவது, குடும்பம் முழுவதையும் தேடும் பிசிஆர் (மரபுப்பொருளைப் பெருக்கிப் பார்க்கும்) பரிசோதனையில் ‘உண்டு’ என்று வந்ததும் மகிழ்ந்துவிடாதீர்கள். நுளம்பில் மட்டும் வாழும், யாருக்கும் தீங்கு செய்யாத உறவுக்கார வைரஸ்கள் பல உண்டு, அவையும் ‘உண்டு’ காட்டும். மரபணு வரிசையைப் படித்தபின்தான் பெயர் சொல்லலாம். இரண்டாவது, எதிரிப் பரிசோதனையில் இந்த மூன்று வைரஸும் ஒன்றுக்கொன்று ஆள்மாறாட்டம் செய்யும். எதிரியைத் தேடும் எலைசா பரிசோதனை காட்டுவது குடும்பப் பெயரை. ஆளை அடையாளம் காட்டுவது, எதிரி எந்த வைரஸை முடக்குகிறது என்று பார்க்கும் நடுநிலையாக்கப் பரிசோதனை, மூன்று வைரஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து.

எண்ணைப் படிப்பது

40 குப்பி, ஒவ்வொன்றிலும் 50, ஆக 2,000 நுளம்பு. இரண்டு குப்பியில் வைரஸ் என்று வைத்துக்கொள்வோம். இரண்டை 2,000ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால், ஆயிரத்துக்கு ஒன்று. இதுதான் குறைந்தபட்சத் தொற்று வீதம். குப்பியில் ஒரு நுளம்பு மட்டுமே தொற்றியது என்று எடுத்துக்கொள்வதால்தான் ‘குறைந்தபட்சம்’. ஓர் இரவுக்கு ஒரு பொறியில் சராசரி எத்தனை விழுந்தது என்பதோடு சேர்த்துப் பாருங்கள். வீதம் அதிகமாக இருந்து நுளம்பு நாலே நாலு என்றால் கவலை குறைவு. வீதம் குறைவாக இருந்து நுளம்பு கொட்டோ கொட்டு என்று கொட்டினால் கவனம்.

இதையெல்லாம் உயரத்துக்கு எதிரே வரைந்து, மாதம் மாதமாக அடுக்குங்கள். 700 மீற்றரில் மட்டும் நுளம்பில் வைரஸ், மேலே வலசைப் பறவையில் மட்டும் எதிரி என்றால், மேலே வந்து போகிறது. 1,100 மீற்றர் லயத்துக் கோழி ஒன்று மே மாதத்தில் புதிதாக எதிரி காட்டினால், அந்த உயரத்திலும் சுற்றத் தொடங்கிவிட்டது என்று சந்தேகியுங்கள்.

யாருக்கு, எப்படிச் சொல்வது

உறுதியான முடிவு வந்ததும் முதலில் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் மிருக வைத்தியருக்கும் எழுத்தில் அறிவியுங்கள். முகநூலில் போடுவது அதற்குப் பிறகும் வேண்டாம். ‘கொக்கில் வைரஸ்’ என்ற ஒரு வரி போதும், கொக்கு அடையும் மரத்தை வெட்டிவிடுவார்கள், கூட்டைக் கலைத்துவிடுவார்கள். கலைந்த பறவை இன்னொரு ஊருக்குப் போகும், நுளம்பு அதே கானில் இருக்கும். நமக்கு வேண்டியது கானைத் துப்புரவாக்குவதும், பன்றிக் கூட்டை வீட்டிலிருந்து தள்ளி வைப்பதும், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையைச் சரிபார்ப்பதும்.

கோழிக்காரர்களிடம் மட்டும் நீங்களே போங்கள். ஒவ்வொரு முறையும் ‘உங்கள் ஏழாம் எண் கோழிக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஏதாவது வந்திருந்தால், கோழியை விற்கவோ அறுக்கவோ தேவையில்லை, முட்டையைத் தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் மாலையில் பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டை போடுங்கள், இரவில் வலைக்குள் படுங்கள் என்று சொல்லுங்கள். அந்த லயத்தைச் சுற்றிய கான்களில் மறுநாள் காலையே குடம்பி பார்க்க வேண்டும். அடுத்த இரத்த மாதிரிக்கு இரண்டு வாரம் காத்திருக்காமல் ஒரு வாரத்தில் போங்கள்.